வெள்ளையன் உள்ளங்கையில் ஐந்தாவது அத்தர்

வாணியம்பாடியில் அத்தர் வாங்கலாம், முகர்ந்து பார்க்க முடியாது. தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை விடியும் முன்பே எழுந்து ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த வாடையில் ரோஜா அத்தரைத் திறந்தால், ரோஜா மாலை போட்ட தோல்தான் நினைவுக்கு வரும். நல்ல அத்தரா மட்டமா என்று சொல்லச் சுத்தமான காற்று வேண்டும். அதற்காக மலை ஏறியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

1982, மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 6.10-க்கு வாணியம்பாடியில் திருப்பத்தூர் பஸ். டிக்கெட் ஒன்று எழுபது. மடியில் பழைய சிகரெட் டப்பா, அதற்குள் பஞ்சில் சுற்றிய ஐந்து சிறு குப்பிகள். நான் மாடியில் டைப்ரைட்டிங் பள்ளி நடத்துகிறேன். கீழே கரீம் பாயின் அத்தர் கடை. குப்பிகளை அவர்தான் கொடுத்தார். நான்கில் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது: ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர், மண் அத்தர். ஐந்தாவதில் ஒன்றும் இல்லை.

"இது இன்னான்னு நீங்களே சொல்லுங்க சார். உங்க மூக்குக்கு ஒரு பரீட்சை. கரெக்டா சொன்னா பரிசு கீது" என்றார் பாய்.

என் மூக்கைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன். பக்கத்து வீட்டில் எந்தக் கடைக் காப்பித்தூள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். "ஊர்ல எல்லாரும் சாமிக்கு மலை ஏறுவாங்க. நீங்க மூக்குக்கு ஏறுறீங்க" என்று வழியனுப்பினாள் மனைவி. அவள் சொன்னதை அப்போது பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

காலை 7.30. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஜீப். ஆளுக்கு நாலு ரூபாய். முப்பது கிலோமீட்டர் என்றார் ஓட்டுநர் சேகர். வளைவுகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினாறு பேர், இரண்டு உரமூட்டை, ஒரு கோழி. நான் முன்சீட்டில் டப்பாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலை 8.15. மலை அடிவாரத்தில் செக்போஸ்ட். மேலேயிருந்து இறங்கிய ஜீப் ஒன்று எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள், கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. வனத்துறைக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு உள்ளங்கையாக மோந்து பார்த்தார்.

"இன்னா செய்றார்?" என்று சேகரைக் கேட்டேன்.

"சந்தன மரம் வெட்டுறாங்க இல்ல சார். மூட்டையில ஒளிச்சா தேடி எடுத்துடலாம். ஆளு வெறுங்கையோட வந்தா? மரத்தத் தொட்ட கை மூணு நாளு மணக்கும். சோப்பு போட்டாலும் போவாது. வாசன இருந்தா உக்கார வெச்சிடுவாங்க."

"இப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறது தெரிந்திருந்தால் டைப்ரைட்டிங் பக்கமே போயிருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேன். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

காலை 9.40. புதூர்நாட்டில் இறங்கி, சேகர் கைகாட்டிய ஒற்றையடிப் பாதையில் அரை மணி நடை. "வெள்ளையன் வூட்டுக்குப் போங்க. நான் அனுப்புனேன்னு சொல்லுங்க, சாப்பாடு போடுவாரு" என்று சொல்லியிருந்தார். வெள்ளையனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. முதல் பிரசவத்துக்காக மகள் மல்லிகாவைத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மனைவி கூடப் போயிருந்தாள்.

"நீங்க போகலையா?"

"புளிய இப்பிடியே விட்டுட்டு எப்பிடிங்க போறது. வெள்ளிக்கெழம எறங்குவேன். பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னாங்க. எல்லாருக்கும் ஊசி குத்திப் பாத்தாங்க. எங்க வூட்ல என் ரத்தந்தான் அவளுக்குச் சேருதாம். தேவப்பட்டா சொல்லி அனுப்புறேன்னாங்க" என்றவர், "நீங்க இன்னா வாங்க வந்தீங்க, புளியா?" என்று கேட்டார்.

வாசனை பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அவர் புளி உடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

காலை 10.15. காற்று எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். அதில் ஒன்றுமே இல்லை. புதுத் தாளை மெஷினில் சொருகியது போலிருந்தது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடது மணிக்கட்டில் ரோஜாவைத் தடவினேன். முதல் மூச்சில் கல்யாண மண்டப வாசல். பத்து நிமிடம் கழித்து இருமல் மருந்து. நோட்டில் "ஆரம்பம் சரி, முடிவு சரியில்லை" என்று எழுதினேன்.

10.40, இடது முழங்கை மடிப்பில் தாழம்பூ. இது மெதுவாகப் பேசத் தெரியாத வாசனை. அழைக்காமல் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும் உறவினரை எழுப்பவா முடியும்? வெள்ளையன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். 11.10, வலது மணிக்கட்டில் வெட்டிவேர். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி, கொஞ்சம் புகை. நான்கில் இதுவே உத்தமம். 11.35, வலது முழங்கையில் மண் அத்தர். கண்ணை மூடினால் முதல் மழை. இதை மட்டும் வெள்ளையனிடம் நீட்டினேன்.

மோந்து பார்த்தவர், "இதுக்குக் காசு குடுத்தீங்களா?" என்றார். "சித்திரையில வாங்க. மழ பேஞ்சா சும்மாவே தர்றோம்."

பகல் 12.20. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் ஆனபின் ஐந்தாவது குப்பியைத் திறந்தேன். என் இரண்டு கைகளிலும் இடமில்லை. ஒரு வாசனைமேல் இன்னொன்றைப் போட்டால் பரீட்சை கெட்டுவிடும். வேறொருவர் தோல் வேண்டும். வெள்ளையனிடம் கையைக் கேட்டேன். அவர் முதலில் குப்பியை வாங்கி மோந்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது சந்தனங்க. வேணாம். கீழ கைய மோந்து பாப்பாங்க."

"நீங்கள்தான் வெள்ளிக்கிழமை வரை இறங்கப் போவதில்லையே?"

அவர் யோசித்தார். விருந்தாளி ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வராது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன். "அதுவும் சரிதான்" என்று வலது உள்ளங்கையை நீட்டினார். தாராளமாகவே தடவினேன். நெஞ்சு நிறைந்துபோனது. நோட்டில் எழுதியதை வரி பிசகாமல் தருகிறேன்: "12.25. ஐந்தாவது. வெள்ளையன் அவர்களின் வலது உள்ளங்கை. அசல் சந்தனம். சந்தேகமே இல்லை." கடைசி இரண்டு சொற்களின் அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

பகல் 1.30. பாதையில் சேகர் ஓடி வந்தார். மாலைதான் திரும்புவேன் என்று சொன்ன மனிதர்.

"மாமா, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் அனுப்பி கீறாங்க. கொழந்த கொடி சுத்திக்கிச்சாம். ஆபரேஷனாம். ரத்தம் வேணும், அஞ்சு மணிக்குள்ள உன்ன இட்டாரச் சொன்னாங்க."

வெள்ளையன் எழுந்து, சட்டையை எடுக்கப் போனவர், நின்றார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் கேள்விதான் இருந்தது.

சாம்பல் போட்டுத் தேய்த்தார். புளியைப் பிசைந்து தேய்த்தார். சீயக்காய் போட்டார். எண்ணெய்ப் பிசுக்கு போனது, வாசனை அப்படியே இருந்தது. முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்று நான் ஒரு காரியம் செய்தேன். தாழம்பூ அத்தரைத் திறந்து அதே உள்ளங்கையில் அப்பினேன். அந்தச் சத்தத்தில் சந்தனத்தின் குரல் கேட்காது என்று நினைத்தேன். பதற்றத்தில் அறிவு முதலில் போய்விடுகிறது, கை மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

பகல் 2.10. ஜீப் கிளம்பியது. நாங்கள் மூன்று பேர் மட்டும். மேலே ஏறும்போது எண்ணிய வளைவுகள் இறங்கும்போது இரண்டு மடங்காகிவிட்டிருந்தன. வெள்ளையன் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி வந்தார், காற்று வாசனையைக் கொண்டுபோகட்டும் என்று. பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. டப்பாவில் நான்கு குப்பிதான் இருந்தன. ஐந்தாவது அவர் வீட்டு வாசலில், புளிக்கூடை பக்கத்தில் நிற்கிறது. திரும்பிப் போக நேரமில்லை.

பகல் 3.05. செக்போஸ்ட். காலையில் பார்த்த அதே காவலர். வெள்ளையன் இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார். சேகரும் நீட்டினார். பழக்கம். நானும் இறங்கி நீட்டினேன். என் இரண்டு கையிலும் நான்கு வகை அத்தர் மணந்துகொண்டிருந்தது.

"நீங்க வேணாம் சார்" என்று காவலர் என்னைக் கையமர்த்தினார்.

சேகர் கை சரி. வெள்ளையனின் இடது கை சரி. வலது கையில் நின்றார். மறுபடி மோந்தார். நிமிர்ந்தார்.

"தாழம்பூவா? உனக்கு ஏதுய்யா தாழம்பூ?" என்றவர் குரலை உயர்த்தாமல், "அடியில சந்தனம் கீது. எதுக்கு இத்தப் போட்டு மூடிக்கினு வர்றே?" என்றார்.

நான் முன்னால் போனேன். "சார், நான்தான் தடவினேன். மரத்தைத் தொட்ட கை இல்லை. அத்தர். அசல் சந்தன அத்தர்."

"அசலா?"

"சந்தேகமே இல்லை" என்றேன். நோட்டுப் புத்தகத்தையும் நீட்டினேன். அவர் பன்னிரண்டு இருபத்தைந்தை உரக்கப் படித்தார். இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அசல் சந்தன எண்ணெய்னா கடைச் சீட்டு எங்க? குப்பி எங்க?"

சீட்டு இல்லை. குப்பி மலை மேலே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் நுணல் வாயைத் திறந்தது, கெட்டது வேறொரு ஆள்.

சேகர் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார். காவலர் பெஞ்சைக் காட்டினார். "போன மாசம் இப்பிடித்தான், அம்மா சாகக் கெடக்குதுன்னு ஒருத்தன் அழுதான். வுட்டேன். அப்புறம் மேலதிகாரி என்னக் கேட்ட கேள்விய நான் வூட்ல கூட சொல்லல. அதிகாரி ஆறு மணிக்கு வருவாரு. அவரு வந்து சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத வழி. வெள்ளையன் பெஞ்சில் உட்காரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"ஐயா, இந்தக் கைய வேணா இங்கியே வெட்டி வெச்சிக்கிங்க. ரத்தம் மத்த கையிலயும் கீது" என்றார். கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரலில் சொன்னார். என் ஆயுளில் நான் அப்படி அவமானப்பட்டதில்லை, என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டாமலே.

காவலர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்தார். எப்போதோ பிடிபட்டது, சாணி நிறத்தில், ஒரு முழ நீளம். கத்தியால் அதில் ஒரு கீறு கீறி என் மூக்கருகே நீட்டினார்.

"மூக்குக்காரரே, நீங்களே சொல்லுங்க."

மோந்தேன். மரம் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, பால் காய்ச்சுகிற அடுப்படி போல ஒரு கதகதப்பு வந்தது. அது நின்றது, போகவில்லை. பிறகு வெள்ளையனின் கையைப் பிடித்து மோந்தேன். தாழம்பூவுக்கு அடியில் இருந்தது இந்த மரத்துக்குச் சொந்தக்காரன் அல்ல, வேஷக்காரன். அசல் சந்தனத்தைப் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது சந்தனம் இல்லை. நான் தப்பாக எழுதிவிட்டேன்" என்றேன்.

"இப்ப மாத்திச் சொல்றீங்க" என்றார் அவர். நியாயம். இரண்டு கோடு போட்டவன் பேச்சுக்கு இனி என்ன மரியாதை?

சேகர்தான் காவலருக்கு எதிர்ப்புறத்து டீக்கடையைக் காட்டினார். "சார், நீங்களே சொல்வீங்களே, அசல் வாசன வெந்நி ஊத்துனாலும் போவாதுன்னு. ஊத்திப் பாருங்க." காவலர் அவரை முறைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் கை காட்டினார்.

பித்தளைச் செம்பில் ஆவி பறக்கிற தண்ணீர், துணி சோப்புத் துண்டு. வெள்ளையன் முகம் சுளிக்காமல் கையைக் காட்டினார். ஊற்றி, தேய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி தேய்த்து. உள்ளங்கை சிவந்துவிட்டது. தாழம்பூ முதலில் போனது. காவலர் மோந்தார். தலையை ஆட்டினார். "இன்னும் கீது." இன்னொரு செம்பு. மூன்று முப்பத்தெட்டு. மறுபடி மோந்தார். இந்த முறை குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னாது இது?" என்றார், தனக்குத்தானே. "எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போறப்ப பென்சில் சீவுவா இல்ல, அந்த வாசன."

நானும் மோந்தேன். பென்சில்தான். நாள் முழுக்கப் பென்சிலும் தாளுமாகப் பிழைக்கிறவன், அதைச் சந்தனம் என்று எழுதியிருந்தேன்.

காவலர் தடுப்புக் கட்டையை அவரே போய்த் தூக்கினார். "ஓட்டு. வழியில எங்கியும் நிக்காத." வெள்ளையன் ஏறும்போது, "பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார். மல்லிகா என்றார் அவர். காவலர் தலையசைத்தார்.

மாலை 4.40. திருப்பத்தூர் ஆஸ்பத்திரி. வாசலிலேயே வெள்ளையனின் மனைவி நின்றிருந்தார். வெள்ளையனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. படுக்க வைத்து, நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவர் கையருகே கொண்டுபோனார். வெள்ளையன் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இந்த வாசன கையில நிக்குமாம்மா? நாளைக்கு மலைக்குப் போய்ட்டு மறுபடி எறங்கணும்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "பறந்துடும்பா, கைய நீட்டு" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

மாலை 6.15. பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். குழந்தையைக் கொடுத்தபோது வெள்ளையன் முதலில் தன் வலது உள்ளங்கையை மோந்து பார்த்தார். அதன் பிறகுதான் வாங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க இன்னா தெரிஞ்சா செஞ்சீங்க" என்றார். "பேரு வெக்கிறப்ப சொல்லி அனுப்புறேன், வூட்டுக்கு வாங்க."

ஏழு மணி பஸ்ஸில் வாணியம்பாடி வந்து இறங்கியபோது தொட்டி வாடை வழக்கம்போல எதிரே வந்து நின்றது. அதன்மீது எனக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை. அந்த வாடையில் எல்லார் கையும் ஒன்றுதான். முப்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கையை நீட்டு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மலை அடிவாரத்தில் நானாக நீட்டியபோதுகூட வேண்டாம் என்றார்கள்.

திங்கட்கிழமை கரீம் பாய் கடைக்குப் போனேன். நான்கு குப்பிக்கும் அபிப்பிராயம் சொன்னேன். "அஞ்சாவது?" என்றார்.

"சந்தனம் இல்லை பாய். பென்சில் மரத்து எண்ணெய்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எத்தினி பேருக்குக் குடுத்துப் பாத்தேன் சார். எல்லாரும் சந்தனம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க." நான் சொல்லவில்லை, அதைச் சொன்னது வேறொரு மூக்கு என்று விவரத்தைச் சொன்னேன். பாய் கல்லாவை விட்டு எழுந்தார். பிறகு, சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று, இரும்புப் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றை எடுத்தார். பரிசு. திறக்காமலே தெரிந்தது, அடுப்படிக் கதகதப்பு. செக்போஸ்ட்டில் மோந்த அதே மரம்.

"பில்லு கூடப் போட்டுத் தர்றேன். சும்மா ஒரு சொட்டு கையில வுட்டுப் பாருங்க சார், மூணு நாளு நிக்கும்" என்று மூடியைத் திருகினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேண்டாம் பாய். பேர் வைக்க வெள்ளையன் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குக் கூப்பிடுவார். போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்."